மார்பகப் புற்றுநோய் வசதியானவர்களுக்குத்தான் அதிகமா?

வேப்பமரத்தடி:

போன வாரம் எங்கள் குடியிருப்பில் மருத்துவ முகாம் நடந்தது. பேச வந்த டாக்டர், "மார்பகப் புற்றுநோய் படித்த, வசதியான, நகரத்துப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது" என்றார். எனக்கு இது இடித்தது. நான் பிறந்தது ராசிபுரம் பக்கம் ஒரு கிராமம். அங்கே இந்த நோயில் போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோரும் தறிக்கும் காட்டுக்கும் கூலிக்குப் போனவர்கள். இங்கே சென்னையில் எனக்குத் தெரிந்து நோய் வந்த இரண்டு பேருமே சிகிச்சை முடித்து ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எது சரி? காசு இருந்தால் வருமா, இல்லாவிட்டால் வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பட்டியல் மட்டும் போட வேண்டாம், வாட்ஸப்பில் ஏற்கெனவே போதுமான அளவு வந்துவிட்டது.

பதிவேட்டுக்காரன்:

டாக்டர் சொன்னதும் சரி, நீங்கள் பார்த்ததும் சரி. அவர் பேசியது நோய் வருவதைப் பற்றி. நீங்கள் ஊரில் பார்த்தது நோயால் சாவதைப் பற்றி. பாதி சண்டை இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு கணக்கு போதும். மனித வளர்ச்சிக் குறியீட்டில் (ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும் சேர்த்துப் போடும் மதிப்பெண்) உச்சியில் இருக்கும் நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது, 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். அடிமட்டத்தில் இருக்கும் நாடுகளில் 27 பேரில் ஒருவருக்குத்தான் கண்டறியப்படுகிறது, ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். வகுத்துப் பாருங்கள். உச்சி நாடுகளில் ஆறு பேருக்கு வந்தால் ஒருவர் போகிறார். அடிமட்ட நாடுகளில் இரண்டு பேருக்கு வந்தால் ஒருவருக்கு மேல்.

நம் நாட்டுக்குள்ளும் இதே சாய்மானம்தான். 2012–16 புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணக்கில் (ஒரு பகுதியில் புதிதாக நோய் வந்தவர்களை எண்ணி வைப்பது), வயது வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகு, ஒரு லட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு ஹைதராபாத்தில் 48, சென்னையில் 42, பெங்களூரில் 40 பேருக்குப் புதிதாக நோய் வந்தது. மகாராஷ்டிரத்தில் பார்ஷி என்று ஒரு கிராமப்புறப் பதிவேடு 1987-லிருந்து இருக்கிறது. அங்கே எண்ணிக்கை சென்னையில் பாதி கூட வராது. பிழைப்பது என்று பார்த்தால், 2010–14-ல் நோய் கண்டறியப்பட்டவர்களில் ஐந்து வருடம் தாண்டியவர்கள் அமெரிக்காவில் 100-க்கு 90, இந்தியாவில் 66.

ஊர்க்குருவி:

சரி, ஆனால் காசு எப்படிப் புற்றுநோயைக் கொண்டுவரும்? நகரத்துப் புகையா, பிளாஸ்டிக்கா, டென்ஷனா? அதைச் சொல்லாமல் எண்ணிக்கை மட்டும் கொடுத்தால் பாதி பதில்தான்.

சோதனைக்குழாய்:

காசு நேரடியாக எதையும் செய்வதில்லை. காசோடும் படிப்போடும் சேர்ந்து வருகிற சில விஷயங்கள் செய்கின்றன. பெரும்பங்கு பிள்ளைப்பேறு சம்பந்தப்பட்டது.

இது புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1700-களின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் ராமாட்சினி, தொழிலால் வரும் நோய்களைப் பற்றி எழுதியபோது, கன்னியாஸ்திரிகளுக்கு மார்பகப் புற்று அதிகம் வருவதைக் குறித்து வைத்தார். 1926-ல் இங்கிலாந்தில் ஜேனட் லேன்-கிளேப்பன் என்ற மருத்துவர், நோய் வந்த சுமார் 500 பெண்களையும் வராத சுமார் 500 பெண்களையும் ஒப்பிட்டார். நோய் வந்தவர்களுக்குக் குழந்தைகள் குறைவு என்று தெரிந்தது. 1970-ல் மக்மஹோன் குழு பல நாடுகளில் செய்த ஆய்வு இன்னும் தெளிவானது: 18 வயதுக்குமுன் முதல் குழந்தை பெற்றவர்களுக்கு இருக்கும் ஆபத்து, 35-க்கு மேல் முதல் குழந்தை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான்.

உடம்பில் நடப்பது சுருக்கமாக இதுதான். மார்பகத் திசு பருவமடைந்ததிலிருந்து மாதாமாதம் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பப் பெருகிச் சுருங்குகிறது. பெருகும் ஒவ்வொரு முறையும் செல் பிரிகிறது, பிரியும்போது பிழை நேர வாய்ப்பு இருக்கிறது. முதல் முழுக் கர்ப்பத்தில்தான் அந்தச் செல்கள் பால் சுரக்கத் தயாராகி முதிர்கின்றன. முதிர்ந்த செல்லில் பிழை நிலைப்பது குறைவு. ஆக, பருவமடைவதற்கும் முதல் பிரசவத்துக்கும் இடையிலான இடைவெளி நீளும்போது ஆபத்தும் கூடுகிறது.

நல்ல சாப்பாடு கிடைக்கும் வீட்டுப் பெண் சீக்கிரம் வயதுக்கு வருகிறாள். அதே பெண் எம்.எஸ்சி. முடித்து, வேலைக்குப் போய், 30-ல் ஒரு பிள்ளை, அதோடு நிறுத்தம், ஆறு மாதத்தில் மீண்டும் ஆபீஸ். வரிசையாக எல்லாமே ஒரே பக்கம் சாய்கிறது. பாலூட்டலுக்கும் கணக்கு உண்டு. 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றாக்கி 2002-ல் வெளிவந்த தொகுப்பின்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் இன்னும் 7 சதவீதம்.

மும்பையின் பார்சி சமூகப் பெண்கள் (மேலே சொன்ன பார்ஷி ஊர் வேறு) இதற்கு நம் நாட்டு உதாரணம். அதிகப் படிப்பு, தாமதமான திருமணம், திருமணமே ஆகாதவர்கள் கணிசம், குழந்தைகள் குறைவு. மற்ற சமூகப் பெண்களைவிட அவர்களிடம் மார்பகப் புற்று அதிகம் என்று மும்பைப் பதிவேடு பல காலமாகக் காட்டியிருக்கிறது.

மேலைநாட்டில் இன்னும் இரண்டு சேரும். ஒன்று மது: தினம் 10 கிராம் ஆல்கஹாலுக்கு ஆபத்து சுமார் 7 சதவீதம் கூடும். இன்னொன்று மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன் மாத்திரை. அமெரிக்காவில் அதை அதிகம் எடுத்தவர்கள் வசதியான பெண்கள். 2002-ல் ஒரு பெரிய ஆய்வு அதன் ஆபத்தைக் காட்டிப் பாதியில் நிறுத்தப்பட்டது, பெண்கள் மாத்திரையை விட்டார்கள், 2003-லேயே அங்கே புதிய நோயாளிகளின் எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. தமிழ்நாட்டுப் பெண்களைப் பொறுத்தவரை இந்த இரண்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

புகை, பிளாஸ்டிக், டென்ஷன் பற்றிக் கேட்டீர்கள். டென்ஷனுக்கு நம்பும்படியான சான்று இல்லை. மற்றவற்றில் ஆய்வுகள் நடக்கின்றன, ஆனால் பிள்ளைப்பேற்றுக் காரணிகளின் பக்கத்தில் கூட அவை வரவில்லை.

பழைய பேருந்து:

இதைத்தானே எங்கள் காலத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். காலாகாலத்தில் கல்யாணம், காலாகாலத்தில் குழந்தை, தாய்ப்பால். பெண்களை 30 வயது வரை படி படி, வேலை வேலை என்று விரட்டிவிட்டு இப்போது புற்றுநோய் என்று கூட்டம் போட்டு அழுதால் என்ன செய்வது? அறிவியலும் அதையேதான் சொல்கிறது போலிருக்கிறது.

மஞ்சள் குடை:

ஐயா, மேலே இருப்பதைப் படித்துவிட்டு இதுதான் தோன்றியதா?

18-ல் கல்யாணம் செய்துவைத்த காலத்தில் பெண்கள் ஆரோக்கியமாகவா இருந்தார்கள்? என் பாட்டிக்கு ஒன்பது பிரசவம், தங்கியது ஐந்து. சின்ன வயதில் பிள்ளை பெறுவதில் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து. அடுத்தது கருப்பைவாய்ப் புற்று. சிறுவயதுத் திருமணமும் அடுத்தடுத்த பிரசவமும் அதற்கு ஆபத்தைக் கூட்டுகின்றன. ஒரு புற்றுநோயைக் குறைக்க இன்னொன்றை வீட்டுக்குள் கூப்பிடுவதா?

அப்புறம் "மூன்றில் ஒரு பங்கு" என்பதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதும் முக்கியம். 30 வயதில் பிள்ளை பெற்ற பெண்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் இந்த நோய் வராது. அதே பெண்ணுக்குப் படிப்பும் சம்பளமும் இருப்பதால், நோய் வந்தால் கட்டியைப் பார்த்த வாரமே தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவாள். யாரிடமும் அனுமதி கேட்க மாட்டாள். இந்த விவாத இழையைத் தொடங்கிய அக்கா சொன்ன அந்த இரண்டு சென்னைப் பெண்கள் பிழைத்தது எதனால் என்று நினைக்கிறீர்கள்?

தாய்ப்பால் பற்றிய அக்கறை உண்மையென்றால், தனியார் கம்பெனியில் மகப்பேறு விடுப்பு முழுதாகக் கிடைக்கிறதா, வேலையிடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டத்தில் 26 வாரம் இருக்கிறது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றும் இருக்கிறது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு அதில் எது கைக்கு வருகிறது?

பதிவேட்டுக்காரன்:

கருப்பைவாய்ப் புற்று பற்றிச் சொன்னது நல்ல இடத்தில் கை வைத்தது. சென்னைப் பதிவேட்டின் ஆரம்ப வருடங்களில், அதாவது 1980-களில், பெண்களுக்கு வரும் புற்றுநோயில் முதலிடம் கருப்பைவாய்க்குத்தான். அது இறங்கிக்கொண்டே வர, மார்பகம் ஏறிக்கொண்டே வந்து அதைத் தாண்டிவிட்டது. பரவலான பரிசோதனைத் திட்டமோ தடுப்பூசியோ வருவதற்கு முன்பே இந்த இறக்கம் தொடங்கிவிட்டது. திருமண வயது ஏறியது, பிரசவம் குறைந்தது, வீட்டில் தண்ணீரும் கழிப்பறையும் வந்தன. ஒரு சமூகம் மேலே வரும்போது ஒன்று இறங்குகிறது, மற்றது ஏறுகிறது. எந்தப் பக்கம் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டால், திரும்பிப் போக முடியாது என்பதுதான் பதில்.

கணக்குப்புலி:

எனக்கு ஒரு சந்தேகம். வசதியானவர்களுக்கு அதிகம் வருகிறது என்பதே ஒரு மாயையாக இருக்கலாமே? காசு உள்ளவர்கள் வருடாவருடம் மாஸ்டர் ஹெல்த் செக்கப் போகிறார்கள், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கிறார்கள். வாழ்நாளில் தொந்தரவே தராத சின்னக் கட்டிகூட அதில் மாட்டும். ஏழைப் பெண் பரிசோதனையே செய்துகொள்வதில்லை, அதனால் கணக்கில் வருவதில்லை. தேடினால்தானே கிடைக்கும்?

பதிவேட்டுக்காரன்:

நியாயமான கேள்வி, பாதி உண்மையும்கூட. மேலைநாடுகளில் மேமோகிராம் வந்தபிறகு தேவைக்கு மேல் கண்டறிவது ஒரு பிரச்சினைதான். ஆனால் ராமாட்சினி காலத்தில் மேமோகிராம் ஏது? 1926-ல் ஏது? அப்போதே வித்தியாசம் இருந்தது.

இந்தியாவில் இந்த விளக்கம் இன்னும் நிற்காது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019–21), 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாடு அதைவிடப் பரவாயில்லை என்றாலும் பத்தில் ஒருவரை எட்டவில்லை. நகரத்துப் பணக்காரப் பெண்களிலும் பெரும்பாலோர் கையில் கட்டி தட்டுப்பட்ட பிறகுதான் வருகிறார்கள். தேடிக் கண்டுபிடித்ததால்தான் சென்னையின் எண்ணிக்கை இரண்டு மடங்கானது என்று சொல்ல வழியில்லை.

கிராமத்தில் கொஞ்சம் விடுபடுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பதிவேடு என்றால் ஆஸ்பத்திரி, லேப், இறப்புப் பதிவு என்று ஒவ்வொரு இடமாகப் போய்ப் பெயரைச் சேர்ப்பது. ஆஸ்பத்திரிக்கே வராமல், பயாப்ஸி (திசு எடுத்துச் செய்யும் சோதனை) எடுக்காமல் வீட்டில் இறந்து, சான்றிதழில் "வயோதிகம்" என்றோ "மாரடைப்பு" என்றோ எழுதப்பட்ட பெண்ணை நாங்கள் எங்கிருந்து எடுப்பது? பார்ஷியில் இதற்காகவே களப்பணியாளர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பேசித் தகவல் சேர்த்தார்கள். அவ்வளவு தேடியும் அங்கே எண்ணிக்கை குறைவுதான்.

இரவுப்பணி:

நான் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். இழையைத் தினமும் படித்துக்கொண்டிருந்தேன். "வருவது" பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். "சாவது" எப்படி நடக்கிறது என்று நான் சொல்கிறேன், ஏனென்றால் அது ஒரே நாளில் நடப்பதில்லை.

முதலில், கட்டி வலிக்காது. வலிக்காத எதற்கும் எங்கள் பக்கத்துப் பெண்கள் வேலையை விட்டு வரமாட்டார்கள். நூறு நாள் வேலையோ தறியோ, ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய காசு போச்சு. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். "பால் கட்டியிருக்கு, பத்துப் போடு" என்று மாமியார் சொல்வார், மருந்துக் கடைக்காரர் ஒரு பட்டை மாத்திரை கொடுப்பார், மூன்று மாதம் ஓடிவிடும். 30 வயதுப் பெண்ணுக்குப் புற்றுநோய் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. நம் நாட்டில் மேலைநாட்டைவிட இளவயதிலேயே இது வருகிறது என்பதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்தது கூச்சம். புருஷனிடம் சொல்வதற்கே சிலருக்கு மாதங்கள் ஆகும். சொன்னால், கல்யாணமாக வேண்டிய பெண் வீட்டில் இருக்கிறாள், வெளியே தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயம். தோல் சுருங்கி, காம்பு உள்ளே இழுத்து, புண்ணாகி வாடை வந்த பிறகு வருபவர்கள் உண்டு. அதுவும் தனக்காக அல்ல, பேரனைத் தூக்க முடியவில்லையே என்று.

பிறகு ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, ஆபரேஷனும் கீமோவும் அதில் அடங்கும். அது பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அட்டை பஸ் டிக்கெட் வாங்கித் தராது. கூட வருகிறவரின் கூலியைத் தராது. கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், அதுவும் வாரக்கணக்கில். மெஷின் இருப்பது பெரிய ஊரில். தங்க இடம் வேண்டும், வீட்டில் சமைக்க ஆள் வேண்டும், ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கட்டியை மட்டும் எடுத்தால் கதிர்வீச்சு கண்டிப்பாக வேண்டும் என்பார்கள். அதனால் மார்பை முழுசாகவே எடுத்துவிடச் சொல்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். "இத்தனை நாள் நான் எங்கே போய்த் தங்க?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒரே நோய், ஒரே நிலை, ஆனால் வசதியானவருக்கு மார்பு மிஞ்சுகிறது.

மூன்று கீமோ முடிந்ததும் முடி கொட்டி, வாந்தியில் படுத்து, "போதும்" என்று நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும் குணமாகிவிட்டது என்று நினைத்து நோய் திரும்பாமல் தடுக்கக் கொடுக்கும் டாமாக்ஸிஃபென் மாத்திரையை விட்டவர்களும் உண்டு. விலை அதிகமில்லை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே தருவார்கள். ஆனால் ஐந்து வருடமோ அதற்கு மேலோ தினமும் விழுங்க வேண்டும், மாதத்துக்கு ஒருமுறை அதற்காக ஒரு நாள் கூலியை விட வேண்டும்.

பனிக்காற்று:

இரவுப்பணி அக்கா எழுதினதை வாசிக்க, இங்கேயும் பாதி அப்படித்தான் இருக்கு என்று தோன்றுது. நான் இருப்பது கனடா, ஸ்காபரோ. இங்கே மேமோகிராமுக்குக் காசில்லை. ஒன்ராறியோவில் 2024 அக்டோபரிலிருந்து 40 வயதிலேயே நாங்களே பதிஞ்சு போகலாம். ஆனாலும் தெற்காசியப் பெண்கள், அதிலும் புதுசாக வந்த ஆக்கள், மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் போகினம். பல ஆய்வுகளிலும் இது வந்திருக்கு. எங்கட சனத்தில் பேக்கரியிலோ ஃபாக்டரியிலோ இரண்டு ஷிஃப்ட் செய்யிற அம்மாக்களுக்கு மொழியும் ஒரு பிரச்சினை, ஆண் டொக்டர் என்றால் இன்னும் பிரச்சினை.

இன்னொரு விஷயம். 1993-ல் அமெரிக்காவில் குடியேறின சீன, ஜப்பான், பிலிப்பைன்ஸ் பெண்களை வைச்சு ஒரு ஆய்வு வந்தது. எவ்வளவு தலைமுறை அங்கே இருந்தார்களோ அவ்வளவுக்கு ஆபத்து ஏறினது, கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் ஆறு மடங்கு வித்தியாசம். பரம்பரை மாறேல்லை, வாழ்க்கைதான் மாறினது. இங்கே பிறந்த எங்கட பிள்ளைகளும் அந்தப் படியிலதான் ஏறுகினம் என்று நினைக்கிறேன்.

சோதனைக்குழாய்:

பனிக்காற்று சொன்னதோடு அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கதையையும் சேர்க்க வேண்டும். வெள்ளையினப் பெண்களைவிட அவர்களுக்கு நோய் வருவது சற்றுக் குறைவு. ஆனால் இறப்பு விகிதம் சுமார் 40 சதவீதம் அதிகம். ஹார்மோன் மருந்துக்குப் பிடிகொடுக்காத டிரிபிள் நெகட்டிவ் வகை அவர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது ஒரு காரணம். ஆனால் அதை மட்டும் வைத்து 40 சதவீதத்தை விளக்க முடியாது. காப்பீடு, சிகிச்சை தொடங்க ஆகும் தாமதம், எந்த ஆஸ்பத்திரி கிடைக்கிறது என்பதெல்லாம் சேர்கிறது.

அந்த வகை இந்தியாவிலும் அதிகம். மேலைநாடுகளில் 100-க்கு 10–15 என்றால், இங்கே 30-ஐ ஒட்டி வருகிறது. நோயாளிகளில் இளவயதினர் அதிகம் என்பது இதில் ஒரு பகுதி. எனவே "வரும் ஆபத்து" என்று ஒரே எண்ணாகப் பேசுவதிலும் கொஞ்சம் மோசடி இருக்கிறது. பிரசவத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவது பெரும்பாலும் ஹார்மோன் ஏற்பி உள்ள, அதாவது ஹார்மோனால் தூண்டப்படும் வகை. டிரிபிள் நெகட்டிவ் அப்படி நடந்துகொள்வதில்லை. அதிகப் பிள்ளை பெற்றதால் அந்த வகை வராது என்று சொல்ல முடியாது. பழைய பேருந்து ஐயா கவனிக்க.

பழைய பேருந்து:

கவனித்தேன். என் மருமகளும் மேலே இருக்கும் மகப்பேறு விடுப்பு விஷயத்தைக் காட்டி ஒரு மணி நேரம் பேசினாள். ஆனால் என் கேள்வி ஒன்று பாக்கி. இப்போது கிராமத்திலும் ஒன்று இரண்டு பிள்ளைதான். அங்கே மட்டும் எப்படிக் குறைவாகவே இருக்கும்?

பதிவேட்டுக்காரன்:

இருக்காது. இந்த இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான்.

அதே 2019–21 குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், கிராமமும் நகரமும் இதில் ரொம்ப விலகி இல்லை. பெண்கள் கல்லூரி வரை போகிறார்கள், திருமணம் தள்ளிப்போகிறது, உடல் எடையும் ஏறுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு எடை கூடுவது தனியாக ஒரு ஆபத்து. இந்தப் பெண்கள் 50-ஐத் தொடும்போது, வருவதில் இருக்கும் நகர–கிராம வித்தியாசம் இன்று இருப்பதுபோல் இருக்காது. ஆனால் இரவுப்பணி சொன்ன பட்டியலில் எதுவும் தானாக மாறப்போவதில்லை. அப்போது நகரத்துக்கு இணையாக நோயும், கிராமத்துக்கே உரிய தாமதமும் ஒரே பெண்ணிடம் வந்து சேரும். எனக்குக் கவலை அதுதான், "வசதியானவர்களின் நோய்" என்ற பேச்சு பிடிக்காததற்குக் காரணமும் அதுதான். அதைக் கேட்கிற கூலிக்காரப் பெண் தனக்கு வராது என்று நினைத்துக்கொள்வாள்.

கணக்குப்புலி:

அப்படியானால் எல்லாக் கிராமத்துக்கும் மேமோகிராம் வண்டி அனுப்பலாமே?

பதிவேட்டுக்காரன்:

இளவயதில் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி சரியாகத் தெரியாது, நம் நோயாளிகளில் பலர் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். படம் பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டும், வருடாவருடம் பராமரிப்பும் வேண்டும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை வேறு வழியைச் சோதித்தது. 1998-ல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரை சுமார் ஒன்றரை லட்சம் பெண்கள். பத்தாவது படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு பகுதிப் பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதனை. மெஷின் எதுவும் இல்லை. 20 வருட முடிவு 2021-ல் வந்தது. நோய் முன்கூட்டியே பிடிபட்டது. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் இறப்புக் குறைவு உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் 50-க்கு மேற்பட்டவர்களிடம் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே பலன் தெரியவில்லை. இதுவே முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கைக்கு எட்டுவது இது.

வேப்பமரத்தடி:

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது ஒன்று, கிடைத்தது பத்து. இரவுப்பணி அவர்களே, உங்களிடம் நேரடியாக ஒன்று. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு வயது 52. மார்பில் ஏதோ தடிப்பு மாதிரி இருக்கிறது என்று நேற்றுதான் சொன்னார். ரேஷன் கார்டு திருவண்ணாமலை முகவரியில் இருக்கிறது. எங்கே கூட்டிப் போவது?

இரவுப்பணி:

கார்டைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். பரிசோதனைக்குக் கார்டு தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 30 வயது தாண்டியவர்களுக்கு அங்கே மார்பகப் பரிசோதனை செய்வார்கள், சந்தேகம் இருந்தால் சீட்டு எழுதி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நேராகவே அங்கே அறுவைசிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்கும் போகலாம். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். தடிப்பு என்றால் பெரும்பாலும் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் பயாப்ஸி எடுக்கச் சொன்னால் அன்றே எடுக்க ஒத்துக்கொள்ளுங்கள், ஊருக்குப் போய்க் கேட்டு வருகிறேன் என்று அவர் சொன்னால் விடாதீர்கள்.

காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாநிலத்துக்குள் எந்த மாவட்டத்து முகவரியாக இருந்தாலும் சென்னையில் செல்லும். தேவைப்பட்டால் மருத்துவமனையிலேயே காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள், வருமானச் சான்றுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள்.

அப்புறம் அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வேப்பமரத்தடி:

சொல்லிவிட்டேன். நாளைக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம்.